ரேணுகாம்பாளின் குளிர்

அக்னி நட்சத்திரம் தொடங்கிய மூன்றாம் நாள், திருவண்ணாமலையில் வெயில் நூற்றாறு டிகிரி அடித்த மதியத்தில், ஜவுளிக்கடையில் புடவை மடித்துக்கொண்டிருந்த ரேணுகாம்பாளின் கைகளில் பனி படர்ந்தது. துடைத்தாள். மறுபடி படர்ந்தது. பட்டு நனைகிறதென்று ஒரு வாடிக்கையாளர் குறை சொன்ன பிறகே முதலாளி தசரதன் எழுந்து வந்தார். அவள் கையைத் தொட்டுப் பார்த்தவர், கடையின் ஏசியை அணைக்கச் சொன்னார். மறுநாளிலிருந்து கடை நடுவில் ஸ்டூல் போட்டு அவளை உட்கார வைத்தார்.

கீழ்பென்னாத்தூர் பஸ்ஸில் அவள் பக்கத்துச் சீட்டுக்கு அடிதடி நடந்தது. கைக்குழந்தைக்காரிகளுக்கே முதலிடம் என்று கண்டக்டர் தீர்ப்புச் சொன்னார். அக்கம்பக்கத்தார் இட்லி மாவைக் கொண்டுவந்து அவள் கட்டிலடியில் வைத்துவிட்டுப் போனார்கள். கணவன் பலராமன், இந்தக் கோடையில் ஃபேனே போடவில்லை என்று பெருமை பேசினான். உனக்குக் குளிருதா என்று ஒருவரும் கேட்கவில்லை. அவளுக்கு எலும்புக்குள் குளிர்ந்தது. முடி கொத்தாக வந்தது. நாக்குத் தடித்து, சினேகாவைக் கூப்பிட்டு முடிப்பதற்குள் மகள் தெருமுனையைத் தாண்டியிருப்பாள்.

காரணம் ரேணுகாம்பாளுக்குத் தெரியும். ஒன்பது வருஷமாகத் தைராய்டு மாத்திரை சாப்பிடுகிறவள். தை மாதம் டாக்டர் குமரேசன் ரிப்போர்ட்டைப் பார்த்து, "எல்லாம் நார்மல்மா" என்று மாத்திரையைப் பாதியாகக் குறைத்தார்.

"மாத்திரை போடறதாலதானே சார் நார்மலா இருக்குது" என்று அப்போதே கேட்டாள். அவர் அடுத்த டோக்கனைக் கூப்பிட்டார். வைகாசியில் போனபோது, உடம்பு ஜாஸ்தியாயிடுச்சு, கிரிவலம் நடங்க என்றார். ஆனியில் மூன்றாம் முறை போனாள்.

"மறுபடி ரத்தம் எடுத்துப் பாருங்க சார்."

"தை மாச ரிப்போர்ட்தான் இருக்குதே. மனசைப் போட்டு அலட்டிக்காதீங்க. வீட்ல ஏதாச்சும் பிரச்னையா?"

கத்தத் தெம்பில்லை. உள்ளங்கைகள் இரண்டையும் அவர் மேசைமேல் ஊன்றினாள். மேசைக் கண்ணாடிமேல் பனி ஓடியது. ஸ்டெதஸ்கோப் விறைத்தது. பேனாவில் மை உறைந்தது. டாக்டர் நிமிராமல், ஏசியைக் கம்மி பண்ணச் சொன்னார். காலையிலிருந்தே கரண்ட் இல்லை என்றாள் நர்ஸ்.

"பேப்பரைப் பாக்காதீங்க, என்னைப் பாருங்க" என்றாள் ரேணுகாம்பாள். "டெஸ்ட் கேட்டேன், நீங்க வேணாம்னுட்டீங்க. அதை எழுதிக் கையெழுத்துப் போட்டுக் குடுங்க. நான் வேற டாக்டரைப் பாத்துக்கறேன்."

"அப்படி எழுதற வழக்கமில்லம்மா."

"அப்ப எனக்கும் எழுந்திரிக்கிற வழக்கமில்ல."

இரண்டு மணி நேரம் உட்கார்ந்திருந்தாள். வெளியே காத்திருந்தவர்கள் முதலில் சுகமாக இருக்கிறதென்றார்கள். பிறகு துண்டால் காதைக் கட்டிக்கொண்டார்கள். கடைசியில் டாக்டர் பென்சிலில் எழுதிக் கொடுத்தார்.

வேங்கிக்காலில் புதிதாகக் கிளினிக் வைத்திருந்த டாக்டர் அருணாதேவி, அந்தச் சீட்டைப் படித்தாள். ரேணுகாம்பாளின் கழுத்தைத் தொட்டு, விரலை ஊதிக்கொண்டு, "எத்தனை நாளா இப்படிக் குளிருதுங்க?" என்றாள். ரேணுகாம்பாள் அழுதாள். கண்ணீர் கன்னத்திலேயே உறைந்து தரையில் உதிர்ந்தது. லேப்காரர் அவள் ரத்தத்தை அக்குளில் வைத்து உருக்கித்தான் சோதிக்க முடிந்தது. ஐந்துக்குள் இருக்க வேண்டிய எண் அறுபத்து மூன்று இருந்தது. பழைய அளவு மாத்திரையே திரும்ப வந்தது.

ஆடி முடிவதற்குள் பனி நின்றது. வியாபாரம் குறைந்துபோன தசரதன், மாத்திரையை ஒரு வாரம் நிறுத்திப் பார்க்கலாமா என்று கேட்டார். அன்றைக்கே அவள் எதிர்க்கடையில் வேலைக்குச் சேர்ந்தாள். உடம்பு சூடாயிற்று, கோபம் மட்டும் கொஞ்சமும் குறையவில்லை.

குமரேசனின் மேசை இன்னும் உருகவில்லை. ஸ்வெட்டர் போட்டுக்கொண்டு அவர் அதன் பின்னால் உட்கார்ந்து ரிப்போர்ட்டுகளைப் படிக்கிறார். எல்லாம் நார்மல் என்று சொல்லும்போது வாயிலிருந்து புகை வருகிறது. பனியில் பதிந்த இரண்டு கைத்தடங்களுக்கு நடுவே நர்ஸ் ஊசி மருந்துகளை அடுக்கி வைத்திருக்கிறாள். கரண்ட் போனாலும் அவை கெடுவதில்லை.