பதினெட்டு அங்குல ஆழத்தில்

...வேராகத்தான் இருக்கும் என்று இரண்டாவது முறையும் மண்வெட்டியைப் போட்டேன், வேர் என்றால் இப்படி டொக்கென்று சத்தம் வராதே, குனிந்து கையால் மண்ணை விலக்கினால் சாம்பல் நிறத்தில் ஒரு பிளாஸ்டிக் குழாய், மின்கம்பி போகிற குழாய், மேப்பிள் மரத்தைச் சுற்றிக்கொண்டு வீட்டிலிருந்து என் மனைவி மார்லிஸின் கொட்டகைக்கு... யார் போட்டது? கேட்பானேன், ஆர்விட்தான். மார்லிஸின் முதல் புருஷன், செத்து ஆறு வருஷமாகியும் இந்த வீட்டைக் காலி பண்ணாதவன். படிக்கட்டு அவன் கட்டியது, கதவு அவன் மாட்டியது, "ஆர்விட் செஞ்சது, அசையவே அசையாது"... நாலு வருஷமாகக் கேட்டுக் கேட்டுக் காது புளித்துவிட்டது. அவன் செய்யாமல் விட்டது ஒன்றே ஒன்றுதான், கொட்டகைக்கு மின்சாரம். "பன்னெண்டு வருஷமா இதோ இதோன்னான், ஒரு பிடி மண்ணு அள்ளல" என்று மார்லிஸ் சொல்லும்போதெல்லாம் என் வயிற்றில் பால் வார்த்தது போல இருக்கும். அதற்காகத்தானே மூன்று நாளாக அறுபது அடி தோண்டுகிறேன், அவள் பானை சுட மின்சூளை, அதற்குக் கொட்டகையில் தனி பிரேக்கர் பெட்டி, வீட்டுப் பெட்டியிலிருந்து நான்கு கம்பி, டென்னி செஞ்சது என்று அவள் வாயால் ஒரு தடவை, ஒரே ஒரு தடவை...

கொட்டகைச் சுவரடியில் மண்ணுக்குள் இருந்த முனையைத் தோண்டி மூடியைப் பிடுங்கினேன், உள்ளே நைலான் கயிறு, பிற்பாடு கம்பியைக் கட்டி இழுத்துக்கொள்வதற்காக விட்டுவைத்தது. லேசாக இழுத்தேன், வழுக்கிக்கொண்டு வருகிறது, பாவி, வளைவில்கூடப் பிசகில்லை. ஆழம்? அளந்தேன், பதினெட்டு அங்குலம், சட்டம் சொல்கிற அதே அளவு. இரண்டு மணிக்கு மின்வேலையைச் சோதிக்கிற இன்ஸ்பெக்டர் வருவார், அவர் பார்க்கும்வரை பள்ளத்தை மூடக் கூடாது, இந்தக் குழாயைப் பார்த்தால் மார்லிஸ் எதிரிலேயே கேட்பார், இது யார் வேலை, பிரமாதமாக இருக்கே என்று... சரசரவென்று மண்ணைத் தள்ளி, அதை மட்டும் மூடி, காலால் மிதித்தேன்.

"டென்னி, என்ன திருட்டு முழி முழிக்கிற? புதையல் கெடச்சுதா?" காப்பியோடு மார்லிஸ் நிற்கிறாள். வேர் என்றேன். "அவன் இருந்திருந்தா இன்னும் இதோன்னுதான் சொல்லிட்டிருப்பான்" என்று சிரித்தாள். எப்போதும் இனிக்கிற பேச்சு, இன்று இனிக்கவில்லை, மண்ணை இன்னொரு மிதி மிதித்தேன். அவள் என் காலைப் பார்த்தாள். "இந்தச் சேத்தோட உள்ள வந்துடாத." அப்புறம் குரல் இறங்கிவிட்டது. "அவன் போனப்பவும் பூட்ஸ் பூரா இப்படித்தான் சேறு. கனமான வேலை கூடாதுன்னு டாக்டர் சொன்னதுல இருந்து ஒரு துரும்பைக் கிள்ளிப் போடல. நான் டுலூத்துக்கு அக்கா வீட்டுக்குப் போயி பத்து நாளு, போன் வந்துது, நாற்காலியிலயே நெஞ்சு நின்னுடுச்சுன்னு. நான் வந்த அன்னிக்கே பனி கொட்டி எல்லாம் மூடிடுச்சு. எங்க போயி சேத்துல நின்னான்னு இன்னிக்கும் புரியல." கோப்பையை என் கையில் வைத்துவிட்டு உள்ளே போனாள்.

பத்து நாள். அறுபது அடி. அந்த நெஞ்சை வைத்துக்கொண்டு... அவள் திரும்பி வரும்போது காட்டலாம் என்று இருந்திருப்பான், கடன்காரன், சாவிலும் என்னை முந்திக்கொண்டான். சொன்னால் அவ்வளவுதான், தன் கொட்டகைக்காகத்தான் செத்தான் என்று அவள் உடைந்துபோவாள், பிறகு அந்தக் கொட்டகையில் கால் வைப்பாளா? பானை செய்வாளா? வேண்டாம், அவள் நல்லதுக்காகத்தான் மறைக்கிறேன், ஆமாம், அவளுக்காகத்தான்... நன்றாகத்தான் இருக்கிறது கேட்க. இன்ஸ்பெக்டரின் வண்டி சரளைக்கல்லில் திரும்புகிற சத்தம். ஆனால் பூட்ஸ் கதையை அவள் சொல்வதற்கு முன்னாலேயே குழாயை மூடிவிட்டேனே.