சம்பங்கிக் கிழங்குகள்

"இது ஒத்தை. இது அடுக்கு. இது மறுபடியும் ஒத்தைங்க."

ராஜி கட்டிலில் சாய்ந்தபடி சம்பங்கிக் கிழங்குகளைப் பிரித்துக்கொண்டிருந்தாள். ஸ்பூன் பிடிக்கக்கூடத் தெம்பில்லாத விரல்கள், ஒவ்வொரு கிழங்கின் கழுத்தையும் ஒரு அழுத்து அழுத்தி, இரண்டு தாம்பாளங்களில் ஒன்றில் போட்டன. ஒற்றைச் சம்பங்கிதான் ஊரைக் கூட்டும் வாசம்; அடுக்கு, பார்க்கத்தான் அழகு. மண்ணிலிருந்து எடுத்துவிட்டால் இரண்டும் வெங்காயம் போல ஒரே ஜாடை.

பாலசுப்ரமணியன் பக்கத்தில் திருதிருவென விழித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். போன மாதம் ஆக்ஸிஜன் சிலிண்டருக்கு இடம் ஒதுக்கும்போது, ஒற்றையும் அடுக்குமாகத் தனித்தனியே இருந்த இரண்டு பைகளையும் ஒரே வாளியில் கொட்டியவர் அவர்தான். மனைவியிடம் மறைத்து வைத்து, இன்று காலைதான் சொன்னார். அவள் திட்டவில்லை. வாளியைக் கொண்டுவரச் சொன்னாள்.

ஆகுர்டி தொழிற்சாலையில் முப்பத்திரண்டு வருஷம், மயிரிழை வித்தியாசத்துக்கெல்லாம் உதிரி பாகங்களைத் தள்ளுபடி செய்தவர் அவர். இந்தக் கிழங்கு மட்டும் பிடிபடவே இல்லை. "சும்மா குருட்டாம்போக்குல போடறே" என்று வருஷா வருஷம் சித்திரையில் அவளைச் சீண்டுவார். ஆடியில் பூ விரிந்ததும் வாயை மூடிக்கொள்வார். சிஞ்ச்வட் வீட்டுச் சன்னலுக்கு வெளியே இருந்த அந்த ஆறடி மண்ணில் அப்படி எத்தனை சித்திரை போயிருக்கும்.

கடைசிக் கிழங்கை அழுத்திக்கொண்டே வெகுநேரம் இருந்தாள்.

"இது தெரியலைங்க."

"உனக்கே தெரியலையா?"

"நட்டுப் பாத்துக்கங்க. ஒத்தைய மட்டும் இந்தச் சன்னலுக்கடியில வெச்சிருங்க. மறந்துராதீங்க."

"மறக்க மாட்டேன்" என்று அதைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார். மூன்று மணிக்கு ராஜி போய்விட்டாள்.

மறுநாள் காலை மகள் கிருஷ்ணப்ரியா பெங்களூரிலிருந்து வந்து இறங்கியதும் எடுத்தார்கள். மாலையெல்லாம் ஒற்றைச் சம்பங்கி. பூவாக இருந்தால் அவருக்கும் அடையாளம் தெரியும். அவருக்கு அப்போதுதான் அழுகை முட்டிக்கொண்டு வந்தது.

குளித்துவிட்டு வீட்டுக்குள் நுழைந்தபோது தரை ஈரமாக இருந்தது. உடல் போன வீட்டை எதிர்வீட்டு சுஷ்மா கழுவிவிட்டிருந்தாள். தாம்பாளங்கள் சுத்தமாகக் கவிழ்ந்திருந்தன. கிழங்குகள் மொத்தமும் பழையபடி வாளியில்.

"காந்தா எல்லாத்தையும் ஒண்ணா எடுத்து வெச்சிட்டேன், பாயி சாப்" என்று இந்தியில் சொன்னாள். காந்தா, அதாவது வெங்காயம் என்றே நினைத்திருந்தாள் பாவம்.

சுருக்கென்று கோபம் வந்தது அவருக்கு. ஆனால் எந்த வாயால் கேட்பது? அவர் செய்ததும் இதுதானே. "டீக் ஹை, பஹன்" என்று, பரவாயில்லை என்பதுபோல் தலையாட்டினார்.

அடுத்த நாள் விடிந்ததும் அவர் மண்ணைக் கொத்துவதைப் பார்த்துக் கிருஷ்ணப்ரியா வெளியே வந்தாள். நடந்ததைச் சொன்னார்.

"இப்ப எப்படிப்பா பிரிப்பீங்க?"

"பிரிக்கலே கண்ணு. எல்லாத்தையும் இங்கயே வெச்சுட்டா, ஒத்தையும் இங்கதானே இருக்கும்."

அவள் ஒவ்வொன்றாகக் கிழங்குகளை எடுத்துக் கொடுத்தாள். கடைசியில் கொடியில் கிடந்த சட்டையிலிருந்து அந்த ஒன்றையும் எடுத்து வந்தார். ராஜியைப் போலவே கழுத்தை அழுத்திப் பார்த்தார். விரலுக்கு ஒன்றும் தெரியவில்லை. நட்டு, மண்ணைத் தள்ளி, தண்ணீர் ஊற்றினார். பூக்க இன்னும் மூன்று மாதம் ஆகும்.

கையைக் கழுவிக்கொண்டு உள்ளே போனவர், ராஜிக்குத் தூசி ஆகாதென்று ஒரு மாதமாகச் சாத்தியே வைத்திருந்த சன்னலைத் திறந்துவிட்டார்.