பம்ப் ரூம் சாவிக்கு ஒரு முடிச்சு

முதல் சாவி லிஃப்ட்டுக்கும் தரைக்கும் நடுவே இருக்கும் இடுக்கில் விழுந்தது. லிஃப்ட்டை நிறுத்தி, மெக்கானிக்கை வரவழைத்து, குழிக்குள் இறங்கி எடுத்தார்கள். மேல்மாடிக்காரர்கள் அன்று முழுக்கப் படியேறித் திட்டினார்கள். இரண்டாவது சாவி தண்ணீர்த் தொட்டிக்குள் போனது. அது இன்னும் அங்கேதான் கிடக்கிறது.

இரண்டையும் தவறவிட்டவர் என் அத்தான். அந்த அடுக்குமாடிக் கட்டடத்தைப் பார்த்துக்கொள்வது அவர் வேலை. பம்ப் ரூம், மீட்டர் ரூம், ஜெனரேட்டர், மொட்டைமாடிக் கதவு, எல்லாச் சாவியும் அவரிடம். சம்பளத்தோடு சேர்த்து, கார் நிறுத்துமிடத்துக்குப் பின்னால் இரண்டு அறைகள் கொடுத்திருந்தார்கள். ஒன்றில் அக்காவும் அத்தானும். இன்னொன்றில் அடுப்பும் நானும்.

தொட்டியில் சாவி விழுந்த மறுநாள் குடியிருப்போர் சங்கத்தின் செக்ரட்டரி எங்கள் வாசலில் வந்து நின்றார். கத்தவில்லை. கத்தியிருந்தால் தேவலை.

"இன்னொரு தடவ சாவி விழுந்துச்சுன்னா, வேற ஆளப் பாத்துக்குவோம். இந்த ரூமும் அந்தப் புது ஆளுக்குத்தான் வேணும்."

"இனிமே விழாது சார்" என்றார் அத்தான்.

"போன தடவயும் இதையேதான் சொன்னீங்க."

அவர் போனதும் அக்கா அத்தானை மேலும் கீழும் பார்த்தாள். "உங்களுக்கு ஒரு மூக்கணாங்கயிறு பூட்டி, அதுல சாவியத் தொங்கவிடணும்."

"நல்ல யோசனைதான். அதப் புடிச்சு இழுக்க நீ கூடவே வருவியா?"

"போன வாரம் ஒத்தச் செருப்போட வீடு வந்து சேந்த மனுஷன்தானே நீங்க. இன்னொரு செருப்பு மாடிப்படியில கெடந்துச்சு. அது கழண்டதுகூடத் தெரியல. அவ்ளோ கனவு."

அவள் சொல்லிவிட்டுச் சிரித்தாள். அத்தானும் சிரித்தார். நானும்தான்.

நான் அப்போது வேலையை விட்டிருந்தேன். இரவெல்லாம் காதில் போனை மாட்டிக்கொண்டு, முகம் தெரியாதவர்களின் புகாரைக் கேட்கும் வேலை. ஏன் விட்டாய் என்று கேட்டவர்களுக்கு ஆளுக்கொரு காரணம் சொன்னேன். வேலை போனாலும் தூக்கம் திரும்பவில்லை. அதனால் அத்தான் எனக்கு வைத்த பெயர் ஆந்தை.

"ஆந்த, சும்மா கொட்டக் கொட்ட முழிச்சிக்கிட்டுத்தானே இருக்க" என்று ஒரு பையை என் மடியில் போட்டார். ஐந்தாம் மாடியைக் காலி செய்தவர்கள் விட்டுப் போனது. பை நிறைய பாராகார்ட் கயிறு. கூடாரம் கட்டும் வகை. மேலே வழவழப்பான உறை, உள்ளே வெள்ளை இழைகள். சிவப்பு, மஞ்சள், நீலம். "சாவிக்கெல்லாம் இதுல ஏதாவது பின்னிக் குடேன். கண்ணுல படணும், கையில நிக்கணும்."

"எனக்குச் சடை பின்னவே வராது, அத்தான்."

"அதான் தலையப் பாத்தாலே தெரியுதே. கயிறுக்கு வலிக்காது, பின்னு."

போனில் வீடியோ பார்த்துக் கற்றுக்கொண்டேன். அந்த ஆள் முகத்தைக் காட்டவே மாட்டான். இரண்டு கைகள் மட்டும் வரும். 'ரொம்ப ஈஸி' என்பான். நடுவில் இரண்டு கயிறு நிற்க வேண்டும். இடப்பக்கக் கயிறு அவற்றின் மேலாகப் போகும். வலப்பக்கக் கயிறு அதன் வாலுக்கு மேலே ஏறி, நடுக்கயிறுகளுக்கு அடியில் புகுந்து, இடப்பக்க வளையத்தின் வழியாக மேலே வரும். இறுக்கு. அடுத்த முடிச்சை வலப்பக்கமிருந்து தொடங்கு. இந்தக் கடைசி விஷயத்தை நான் கவனிக்கவில்லை. ஒவ்வொரு முறையும் இடப்பக்கமே தொடங்கினேன். பட்டையாக வர வேண்டியது திருகாணி மாதிரி சுற்றிக்கொண்டு போனது.

"இது என்ன, ஜிலேபியா?" என்றாள் அக்கா.

பிரித்தேன். பின்னினேன். மறுபடி பிரித்தேன். கயிற்றின் வெட்டுவாய் பிரியாமல் இருக்க அதை லைட்டரில் உருக்கி அமுக்க வேண்டும். முதல் தடவை அவசரத்தில் வெறும் விரலால் அமுக்கினேன். உருகிய நைலான் தோலோடு ஒட்டிக்கொண்டது. நான் குதித்த குதியில் அடுப்பின் மேலிருந்த பாத்திரம் உருண்டது. அதற்குப் பிறகு கரண்டியின் பின்பக்கத்தால்தான் அமுக்குவேன்.

ஒருவழியாக வந்துவிட்டது. பம்ப் ரூமுக்குச் சிவப்பு, மீட்டருக்கு மஞ்சள், ஜெனரேட்டருக்கு நீலம், மாடிக்கு மூன்றும் கலந்தது. விரல் அகலத்தில் தட்டையான, நெருக்கமான பின்னல். எனக்கே பெருமையாக இருந்தது. வெகு நாளைக்குப் பிறகு ஒன்றைத் தொடங்கி முடித்திருந்தேன். அத்தான் கொத்தைக் குலுக்கிக்கொண்டு கட்டடத்தையே ஒரு சுற்று வந்தார். வாட்ச்மேனிடம், "என் கொழுந்தியா கைவேல" என்று காட்டினாராம்.

இரண்டு நாள் கழித்து, மீட்டர் ரூமுக்கு அவர் பின்னாலேயே நான் போய்க்கொண்டிருந்தபோது, கொத்து அவர் கையிலிருந்து நழுவித் தரையில் விழுந்தது. விழுந்ததை நான் பார்த்தேன். பக்கத்தில் ஜெனரேட்டர் ஓடிக்கொண்டிருந்ததால் அவருக்குச் சத்தம் கேட்கவில்லை. வெறுங்கையைச் சாவி பிடித்த மாதிரியே மடக்கி வைத்துக்கொண்டு கதவுவரை நடந்தார். பூட்டுக்கு முன்னால் நின்று கையைப் பார்த்தார். பிறகு தரையைப் பார்த்தார்.

நான் எடுத்துக் கொடுத்தேன். லிஃப்ட் அங்கிருந்து கை நீட்டும் தூரம்.

"வழுக்குது ஆந்த" என்றார். "கயிறு ரொம்ப நைஸா இருக்கு."

எனக்குக் கோபம் வந்தது. பின்னலில் குறை என்றுதான் நினைத்தேன். எல்லாவற்றையும் பிரித்துவிட்டு, மேடு பள்ளமாக, கைக்குச் சொரசொரப்பாக இருக்கும்படி பின்ன உட்கார்ந்தேன். மத்தியானச் சாப்பாட்டுக்குப் பின் அத்தானும் வந்து எதிரில் உட்கார்ந்தார்.

"நீ உருக்கு. நான் அமுக்குறேன். சீக்கிரம் முடியும்."

"கரண்டியால அமுக்குங்க."

"சரிங்க டீச்சர்."

நான் லைட்டரைப் பிடித்தேன். அவர் மூன்றாம் மாடி அம்மா கதையை ஆரம்பித்தார். அந்த அம்மாவின் நாய் லிஃப்ட்டில் ஏறினால் இறங்காதாம். "ஒரு நாள் காலையில அந்த நாய் மட்டும் தனியா ஏழாவது மாடிக்குப் போயிருக்கு. கதவு திறந்தா, வெளிய யாரு நிக்கிறா? நம்ம செக்ரட்டரி. ரெண்டு பேரும் ஒருத்தர ஒருத்தர் பாத்து..." கயிற்றின் நுனி கறுத்து உருகிச் சொட்டும் பதத்தில் இருந்தது. சொல்லிக்கொண்டே அதைத் தன் கட்டைவிரலால் அமுக்கினார்.

அமுக்கியபடியே கதையைத் தொடர்ந்தார். நாய் குரைத்தது, செக்ரட்டரி பின்வாங்கினார். எனக்கு நாற்றம் வந்தது. கயிற்றின் நாற்றம் இல்லை.

"அத்தான், கை."

"என்ன?"

முதலில் விரலைப் பார்த்தார். பார்த்த பிறகுதான் கையை இழுத்தார். 'ஆ' என்றார். ரொம்பத் தாமதமாக வந்த 'ஆ' அது. கட்டைவிரலில் தோல் வெள்ளையாகச் சுருண்டிருந்தது. நடுவில் சிவப்பு நைலான் பொட்டு ஒட்டிக்கொண்டிருந்தது.

அந்த இடத்தில் எப்படி வலிக்கும் என்று எனக்குத் தெரியும். பாத்திரம் உருண்டிருக்க வேண்டும்.

"எவ்ளோ நாளா இப்படி?"

"வேல செய்ற கை. தோலு தடிச்சுப்போச்சு."

"அத்தான்."

அவர் வாசல் பக்கம் ஒரு தடவை பார்த்தார். அக்கா வெளியே துணி காயப்போட்டுக்கொண்டிருந்தாள். "கொஞ்ச நாளா மரத்த மாதிரி இருக்கு. சுகர் இருக்குல்ல, அதுதான். பாத்துக்கிட்டே புடிச்சா புடிபடும். பாக்காம விட்டா, கையில இருக்கா இல்லையான்னு தெரியாது."

"கால்?"

அவர் காலைப் பின்னால் இழுத்துக்கொண்டார். மாடிப்படியில் கிடந்த செருப்பு நினைவுக்கு வந்தது. மூன்று பேரும் சேர்ந்து சிரித்தோமே.

"அவகிட்ட சொல்லாத" என்றார். குரலில் வேடிக்கை இல்லை. "அவளுக்குத் தெரிஞ்சா டாக்டர்ம்பா. டாக்டர்னா லீவு. லீவுன்னா செக்ரட்டரி ஏன் எதுக்குன்னு கேப்பாரு. கையில உணர்ச்சி இல்லாத ஆளுகிட்ட யாராவது மீட்டர் ரூம விடுவாங்களா? அப்புறம் இந்த ரெண்டு ரூம்?"

"சாவி இன்னொரு தடவ விழுந்தாலும் இதே ரெண்டு ரூம்தான் போகும்."

"விழாம பின்னிக் குடு. அதுக்குத்தானே உன்கிட்ட வந்தேன்."

"குடுக்குறேன். குடுத்த அன்னைக்கு நீங்க அக்காகிட்ட சொல்லணும். இல்லன்னா நான் சொல்லுவேன்."

"மெரட்டுறியா?"

"ஆமா."

விரலைத் திருப்பிப் பார்த்துவிட்டு, "சரி" என்றார்.

அவர் மீட்டர் ரூமில் போடும் தடித்த ரப்பர் கையுறையை எடுத்து மாட்டிக்கொண்டேன். அதன் மேல் இன்னொரு ஜோடி. கண்ணை மூடி என் பின்னல்களை ஒவ்வொன்றாக எடுத்துப் பார்த்தேன். சொரசொரப்பு தெரியவில்லை. மேடு பள்ளம் தெரியவில்லை. அழகு சுத்தமாகத் தெரியவில்லை. எல்லாம் ஒன்றுபோல இருந்தன. பாதி நேரம் கையில் ஒன்றுமே இல்லாததுபோல இருந்தது. தெரிந்தது ஒன்றே ஒன்றுதான், கனம். தோலில் இல்லை. மணிக்கட்டில், முழங்கையில் தெரிந்தது.

பின்னலைக் கைவிட்டேன். வீடியோக்காரன் உருண்டையாக ஒரு முடிச்சு போடுவான். அதற்குக் குரங்கு முஷ்டி என்று பெயர். ஒரு குண்டைச் சுற்றி மூன்று திசையிலும் கயிறு போகும். பிறகு ஒவ்வொரு சுற்றாக, தொடக்கத்திலிருந்து கடைசிவரை, தளர்வை நகர்த்திக்கொண்டே போய் இறுக்க வேண்டும். ஓர் இடத்தில் அவசரப்பட்டால் குண்டு வெளியே எட்டிப் பார்க்கும்.

"குரங்கு கையில பூமால கேள்விப்பட்டிருக்கேன்" என்றார் அத்தான். "குரங்கு கையவே பின்னுறவள இப்பத்தான் பாக்குறேன்."

பம்ப் ரூம் சாவியின் முடிச்சுக்குள் பெரிய இரும்புக் குண்டு, பழைய பேரிங்கிலிருந்து எடுத்தது. மீட்டருக்குக் கண்ணாடிக் கோலி. மாடிக்கு உள்ளே கார்க், கனமே இல்லாமல். ஜெனரேட்டருக்கு உருண்டை இல்லை, உள்ளங்கை நீளத்துக்குத் தடித்த கைப்பிடி. ஒவ்வொன்றிலிருந்தும் ஒரு நீளக் கயிறு அவர் இடுப்பு பெல்ட்டுக்கு. கயிறு பூட்டு வரைக்கும் எட்டும், தரை வரைக்கும் எட்டாது. கையிலிருந்து விழுந்தாலும் முழங்காலுக்கு மேல் தொங்கும்.

கடைசி நுனியைக் கரண்டியால் அமுக்கிவிட்டு அவரைக் கூப்பிட்டேன். கண்ணை மூடச் சொல்லி ஒன்றைக் கையில் வைத்தேன்.

கை கொஞ்சம் தாழ்ந்தது. "பம்ப்."

அடுத்தது. "மாடி."

அடுத்தது. "இது... மீட்டர்." கண்ணைத் திறந்தார். உதட்டை மடித்துக்கொண்டு கொத்தையே பார்த்தார். பிறகு, "பொழச்சோம்டா சாமி" என்று எழுந்தார்.

"முடிஞ்சிருச்சு, அத்தான்."

"தெரியும். நாளைக்குச் சொல்றேன். இப்ப டேங்க் ரொப்பணும்."

இதைத்தான் எதிர்பார்த்தேன். "அக்கா!" என்று கூப்பிட்டேன்.

அவள் ஈரக்கையைத் துடைத்துக்கொண்டே வந்தாள். "என்னடி?"

அத்தான் என்னை முறைத்தார். நான் அவரையே பார்த்துக்கொண்டு நின்றேன். அவரே சொன்னார். நடுவில் இரண்டு மூன்று இடத்தில் சிரிக்கவைக்கப் பார்த்தார். அவள் சிரிக்கவில்லை, அழவும் இல்லை. அவரை உட்காரவைத்து, "கண்ண மூடுங்க" என்றாள். ஒரு சாவியின் முனையை அவர் முழங்கையில் வைத்தாள்.

"தெரியுதா?"

"ம்."

மணிக்கட்டில் வைத்தாள். "இங்க?"

"ம்."

உள்ளங்கையில் வைத்து அழுத்தினாள். அவர் கண்ணை மூடியபடி அவளுடைய அடுத்த கேள்விக்காகக் காத்திருந்தார்.

அக்கா சாவியைக் கீழே வைத்தாள். அவர் காலைத் தூக்கித் தன் மடியில் வைத்து, பாதத்தைத் திருப்பிப் பார்த்தாள். பெருவிரலுக்குக் கீழே ஒரு வெட்டுக்காயம். புதியது இல்லை. ஓரமெல்லாம் கறுத்திருந்தது. அது அங்கே இருப்பது அவருக்கே தெரியாது.

"செருப்பப் போடுங்க" என்றாள். "ரெண்டையும்."

அவர்கள் ஆஸ்பத்திரிக்குக் கிளம்பும்போது அத்தான் பெல்ட்டைக் கழற்றி, சாவிகளோடு என்னிடம் கொடுத்தார். "செக்ரட்டரி கேட்டா ஒளிக்காத" என்றாள் அக்கா.

சாயங்காலம் செக்ரட்டரி வந்தார். டேங்க் ரொப்பாததால் மேல்மாடிகளில் தண்ணீர் வரவில்லை.

"அவரு எங்க?"

"ஆஸ்பத்திரியில. கையிலயும் கால்லயும் உணர்ச்சி கொறஞ்சிருக்கு. அதான் சாவி விழுந்துச்சு. இனிமே விழாது." பெல்ட்டை என் இடுப்பில் கட்டியிருந்தேன். பம்ப் ரூம் சாவியைக் கையிலிருந்து விட்டுக் காட்டினேன். அது முழங்காலுக்கு மேலே ஆடியது. "வேணும்னா இழுத்துப் பாருங்க."

அவர் நிஜமாகவே இழுத்துப் பார்த்தார். நான் ஒரு அடி முன்னால் போனேன், முடிச்சு அசையவில்லை. குண்டைக் கையில் வைத்துக் கனம் பார்த்தார்.

"டாக்டர் என்ன சொல்றாருன்னு வந்து என்கிட்ட சொல்லச் சொல்லுங்க" என்றார். "மீட்டர் ரூமுக்கு மட்டும் அவரு தனியாப் போக வேணாம், கூட நீங்க போங்க. இப்ப மோட்டாரப் போடுங்க."

இருட்டும் நேரத்தில் அக்காவும் அத்தானும் திரும்பினார்கள். அத்தானின் ஒரு காலில் பெரிய கட்டு. அந்தக் காலின் செருப்பு அக்காவின் கையில்.

"வெரல எடுக்கல ஆந்த" என்றார் அத்தான் வாசலிலிருந்தே. "இன்னும் கொஞ்ச நாள் விட்டிருந்தா எடுத்திருப்பாங்களாம்."

"வாய மூடிக்கிட்டு உள்ள போங்க" என்றாள் அக்கா.

உட்கார்ந்ததும் கையை நீட்டினார். சாவியை வைத்தேன். அவர் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தார். கை கொஞ்சம் தாழ்ந்தது.

"பம்ப்" என்றார்.