நீல மேட்டின் அடியில் சிவப்பு

1.

இந்தக் கதை எனக்குக் காய்ச்சலில் கிடைத்தது. எங்களைப்போல மூட்டை தூக்குகிற வீட்டில் கனவு வராது, படுத்தால் விடிந்துவிடும். காய்ச்சல் வந்தால்தான் ஓய்வு, ஓய்வு வந்தால்தான் கனவு. அப்படிக் கிடந்தபோது கட்டிலைச் சுற்றி நீலமும் சிவப்புமாகக் குன்றுகள் மிதந்தன. வெந்நீரோடு வந்த அண்ணியிடம் சொன்னேன்.

"என் ஆபீஸ் கம்ப்யூட்டரை நீ எதுக்குடா தம்பி கனா காணுற?"

அண்ணிக்கு ஆய்வகத்தில் வேலை. நோயாளியின் தொண்டையில் எடுத்த சளியில் ஃப்ளூ கிருமியைத் தேடி, அது மருந்துக்கு அடங்குமா, முரண்டு பிடிக்குமா என்று பார்ப்பாள். அவள் சொன்னதுதான் மீதி.

2.

முதல் தொடக்கம்: 'ஆய்வகத்தின் மௌனத்தில் ஒரு தேவதை'

[அடித்துவிட்டேன். குளிர்பெட்டி ஓயாமல் உறுமுகிற அறையில் மௌனம் ஏது? அண்ணி தேவதையும் இல்லை, குதிகால் வலிக்காரி.]

இரண்டாவது: திரையில் கிருமியின் மரபெழுத்துகள் வண்ண மேடுகளாக, தூக்கத்தில் நடப்பவைபோல ஊர்ந்தன. மருந்து பிடிக்கவேண்டிய இடத்தில் உயரமாக ஒரு நீலம். கணினி அதை மட்டும் படித்து 'மருந்துக்குக் கேட்கும்' என்றது. நீலத்தின் அடியில் முழங்கால் உயரத்துக்கு ஒரு சிவப்பு. சிவப்புக் கிருமிக்கு மருந்து உறைக்காது. சாம்பிளில் கலந்த வெறும் அழுக்காகவும் இருக்கலாம். அண்ணி சோதனையை மறுபடி ஓட்டினாள். சிவப்பு நகரவில்லை.

3.

அந்தச் சளிக்கு உரிய நோயாளி சிமெண்ட் மூட்டை இறக்குகிறவர். கூட்டாளிகள் 'கிரேன்' என்பார்கள். (நல்லவராக எழுதப் பார்த்தேன், ஒட்டவில்லை. வாயைத் திறந்தால் வசவு.)

அண்ணி வார்டுக்கே போய் அவர் மனைவியிடம் கேட்டாள்.

"மாத்திரையை ஒழுங்கா முழுங்கினாரா?"

"எனக்கும் காய்ச்சல்மா. அவருக்குக் கொடுத்ததுல ஆளுக்குப் பாதி. 'நீயும் படுத்துட்டா நான் யாரைடி திட்டுறது'ன்னாரு."

அண்ணி திரையை நினைத்துக்கொண்டாள். அரைகுறை மருந்தில் நீலம்தான் சாகும். சிவப்பு தலைதூக்கும்.

4.

வார்டு டாக்டர் போனில் கேட்டார்.

"மெஷின் கேக்கும்ங்குது, நீங்க இழுக்குறீங்க. இதுக்கு அடங்காததுக்குப் போடுற வேற மருந்து ஒரு ஆளுக்குத்தான் இருக்கு மேடம். அடுத்த கட்டில்ல மாசமா இருக்கிற பொண்ணுக்கும் அதே காய்ச்சல், அவ சாம்பிள் இன்னும் முடியல. ஏதாவது ஒண்ணு சொல்லுங்க."

"இவர்கிட்ட ரெண்டு மாதிரிக் கிருமியும் இருக்கு சார்."

"ரெண்டும்னா நான் யாருக்குப் போடுறது?"

அண்ணி வாயைத் திறந்து

5.

[இதற்குமேல் ஓடவில்லை. 'இவருக்கே போடுங்க' என்று எழுதினால் கிரேன் எழுந்து, முதல் வேலையாக நர்ஸைத் திட்டுகிறார். அடுத்த கட்டிலில் விரிப்பை உருவுகிறார்கள். 'பொறுங்க, அவ சாம்பிள் முடியட்டும்' என்று எழுதினால் மருந்து அந்தப் பெண்ணுக்குப் போகிறது, அவள் ஒருக்களித்துப் படுத்து வயிற்றைத் தடவிக்கொள்கிறாள். கிரேன் வசவை நிறுத்திவிடுகிறார். இரண்டையும் அடித்தேன்.]

"நீங்க என்னதான் சொன்னீங்க அண்ணி?"

அவள் போர்வையை இழுத்துவிட்டாள். "சொல்லிட்டுத்தான்டா வந்தேன். எழுதத்தான் நீ பயப்படுற."

உண்மைதான். போனைப் படிக்கிற உங்கள் கையில் தருகிறேன். டாக்டர் வைக்கவில்லை. இரண்டு கட்டிலிலும் மூச்சு வாங்குவது கேட்கிறதா? சொல்லுங்கள்.