போன கிழமை றுமானா சொன்னது

1

இந்தக் கதை என்னுடையதல்ல. என் தங்கை றுமானா குடும்ப ஆலோசகராவதற்கான முதுகலைப் படிப்பில் இரண்டாம் வருடம். கல்முனையில் ஒரு நிலையத்தில், நிரோஜினி மிஸ்ஸின் மேற்பார்வையில், கணவன் மனைவியரைச் சந்தித்துப் பயிற்சி எடுக்கிறாள். யார் வந்தார்கள் என்று வாய் திறக்க மாட்டாள். தான் விட்ட பிழையை மட்டும் என்னிடம் சொன்னாள். அந்தப் பிழையைச் சுற்றி ஆட்களை உண்டாக்கியது நான்தான்.

2

‘ஒலுவில் கடலில் அன்று அலை…’

என்று தொடங்கி, விட்டுவிட்டேன். அந்த ஆலோசனை அறையில் கடல் இல்லை. மூன்று கதிரைகளும் ஒரு ஃபேனும்தான்.

கணவனுக்கு றாஸிக் என்று பெயர் வைத்தேன். பதினொரு வருடம் கட்டாரில் இருந்துவிட்டு வந்தவர். மனைவி சுல்பிகா. வீடு அவள் பெயரில். (எங்கள் பக்கம் வீடு பெண்ணுக்குத்தான். திரும்பி வரும் ஆண் அதில் எங்கே உட்காருவது என்று முழிப்பான்.) முதலில் அவரைச் சத்தம் போடுகிறவராக எழுதினேன். அப்படியானால் றுமானா அவரிடம் காட்டிய கோபம் நியாயமாகிவிடும். எழுதியதை வெட்டிவிட்டு, மெதுவாகக் கதைக்கிறவராக்கினேன்.

“சின்ன மகள் என்னை அங்கிள் எண்டு கூப்பிடுறா, மிஸ்.”

அடுத்து வருவது கற்பனை அல்ல. றுமானா சொன்னாள்: “இவ்வளவு வருஷம் ஊட்டுல இல்லாட்டி, புள்ள வேற எப்பிடிக் கூப்பிடும்?”

அவர் எழுந்து போய்விட்டார்.

சுல்பிகா நன்றி சொல்வாள் என்று எழுதப் போனேன். மனம் வரவில்லை. “அவர் போனது எங்களுக்காகத்தான். நீங்க யாருக்காகக் கதைச்சீங்க, மிஸ்?” என்று கேட்க வைத்தேன்.

3

எங்கள் வாப்பா பதினாறு வருடம் சவூதியில் இருந்தார். இதைக் கதைக்கு வெளியே வைக்கத்தான் பார்த்தேன்.

றுமானா தான் சொன்னதை ஒரு சொல் விடாமல் அறிக்கையில் எழுதிக் கொடுத்தாள். படிப்பை விட்டு நிறுத்திவிடுவார்களோ என்று பயம். நிரோஜினி மிஸ் வாசித்துவிட்டு, “அவங்களத் திரும்ப வரச் சொல்லிக் கேட்பம். வந்தா என்ன சொல்லப் போறீங்க?” என்றார்.

வந்தார்கள். றுமானா அவரை அண்ணன் முறையில் ‘நானா’ என்று கூப்பிட்டுச் சொன்னாள்:

“போன கிழமை நான் உங்களோட கதைக்கல்ல, நானா. எங்கட வாப்பாவோட கதைச்சன். மன்னிச்சுக்கொள்ளுங்க.”

றாஸிக் கேட்டார்: “வாப்பா இப்ப எங்க?”

(இந்தக் கேள்வியை எனக்குச் சொல்ல, அவரிடம் அனுமதி வாங்கினாள்.)

“ஊட்டுலதான் இரிக்காரு. நான்தான் கதைக்கிறல்ல.”

“அத நீ அவங்களிட்ட சொல்லலாமா?” என்று நான் றுமானாவிடம் கேட்டேன்.

“சொல்லக் கூடாதுதான், ராத்தா. மிஸ்ஸும் ஏசினா. ஆனா அதுக்குப் பிறகுதான் அவர் கதிரையில சாஞ்சு இருந்தாரு.”

4

முடிவு. சின்ன மகள் ஓடிவந்து… வேண்டாம். சுல்பிகா தனியாகவே… அதுவும் வேண்டாம்.

நான் கண்ணால் கண்டது ஒன்று. போன வெள்ளிக்கிழமை றுமானா முன்னறைக்குப் போய், “வாப்பா, மருந்து குடிச்சீங்களா?” என்று கேட்டாள். அவர் குடித்திருந்தார். இருந்தும், “இல்ல மகள், எடுத்துத் தாங்க” என்றார்.

அந்தக் கணவனும் மனைவியும் பிறகு நாலு கிழமை வந்தார்கள் என்பதற்கு மேல் றுமானா சொல்லவில்லை. கடைசி வாரம் இருவரும் ஒரே ஆட்டோவில் வந்து இறங்கினார்கள் என்று எழுதியிருக்கிறேன். அது என் ஆசை. அந்த வரியை வைக்கவா, அடிக்கவா? பேனாவை உங்கள் பக்கம் தள்ளுகிறேன்.