இராக்கம்மாவை விட்டுப் போகாத கச்சான்

1896ஆம் ஆண்டு ஆடியில் ஹல்துமுல்லை மலையிடுக்கில் ஏறி வந்த வறண்ட கச்சான் காற்று, புரட்டாசிக் கடைசியில் எல்லோரையும் விட்டுப் போனது. கொழுந்து பறிக்கும் இராக்கம்மாவை மட்டும் விட்டுப் போகவில்லை. அந்தக் காற்றில் முறிந்த மரம் விழுந்துதான் அவள் புருஷன் செத்திருந்தான். ஐப்பசி மழையில் தேயிலைத் தோட்டமே நனைந்தபோது அவள் காய்ந்த சேலையோடு காலையில் பேர் கூப்பிடும் பெரட்டுக்கு வந்து நின்றாள். அவளைச் சுற்றி நான்கு முழத்துக்கு வெயிலடித்தது. உதடு வெடித்தது, அவள் பக்கத்துத் தேயிலைச் செடிகள் துளிர்விடாமல் சுருண்டன. கங்காணி ரெங்கசாமி போய்ச் சொல்ல, தொரை வந்து அவளருகே நின்று குடையை மடக்கிப் பார்த்தார். தலையில் ஒரு துளிகூட விழவில்லை. மறுபடி குடையை விரித்துக்கொண்டு, பதிவேட்டில் அவள் பெயரை வெட்டச் சொல்லிவிட்டுப் போனார்.

பதுளைக் கடைவீதியில் நாட்டு மருந்துக் கடை வைத்திருந்த ஜுனைதீனுக்கு வண்டிக்காரர்கள் வழியாகச் செய்தி எட்டியது. காய்ச்சலுக்குக் கொடுக்கும் நிலவேம்பைக் கச்சான் மாதங்களில், பூக்கும் முன்னே பறித்தால் நாக்கு மரத்துப்போகும்படி கசக்கும். மழையில் பறித்தால் இலை செழிப்பாக இருக்கும், கசப்பு இராது, காய்ச்சலும் இறங்காது. ஆனால் காய்ச்சல் வருவதோ மழையில்தான். ஆடியில் உலர்த்தி வைத்ததெல்லாம் கார்த்திகை ஈரத்தில் பூஞ்சணம் பிடித்துவிடும். இருபது வருஷமாக இதற்கு வழி தெரியாமலிருந்த ஜுனைதீன், தோட்டக் கூலிகள் குடியிருக்கும் லயத்து வாசலில் வந்து நின்றார்.

"ஒண்டும் செய்ய வாணாம் தங்கச்சி. நம்மட நிலவேம்புப் பாத்தியில பத்து நாள் உக்காந்திருந்தாப் போதும்."

"சும்மா உக்காந்திருக்கவா மொதலாளி?"

"கசப்பு ஏறுதான்னு பாப்போம்."

ஏறியது. பத்தாம் நாள் ஒரு இலையைக் கடித்த ஜுனைதீனால் மத்தியானம் வரை பேச முடியவில்லை. அந்தக் கார்த்திகையில் கடைக்குத் தூக்கி வரப்பட்டவர்களில் பெரும்பாலோர் நடந்தே வீடு திரும்பினார்கள். இராக்கம்மா ஜுனைதீனின் மருந்துத் தோட்டத்துக் கொட்டிலிலேயே தங்கிவிட்டாள். ஜுனைதீனின் மனைவி ஸவாஹிரா சோற்றை வேலிக்கு மேலால் நீட்டுவாள், கூடவே இரண்டு செம்புத் தண்ணீரும்.

"உள்ள கூப்புடலன்னு மனசுல வெச்சுக்காதீங்க. புள்ள பால் குடிக்குது, வத்திப்போயிரும்."

"தெரியுங்கம்மா," என்றாள் இராக்கம்மா. ஒரு பிள்ளை பால் மறக்கும் முன் அடுத்தது பிறந்ததால், இருவரும் எட்டு வருஷம் வேலிக்கு இருபுறமும் நின்றே பேசினார்கள்.

1904இல் வந்தது பெருங்காய்ச்சல். பத்து நாள் போதவில்லை. இராக்கம்மா நாற்பது நாள் பாத்தி பாத்தியாக இடம் மாறி உட்கார்ந்தாள். முப்பதாம் நாளோ என்னவோ, இலை பறித்துக்கொண்டிருந்த ஜுனைதீனிடம் கேட்டாள்:

"மொதலாளி, ஊருக்கு மருந்து வேணும்னா நான் சாவுற மட்டும் காஞ்சே கெடக்கணுமா? செத்த புருசனுக்கு அழக்கூட எங்கண்ணுல தண்ணி வரலிங்க."

ஜுனைதீன் கையிலிருந்த தழையைக் கூடையில் போட்டுவிட்டு, தண்ணீர்ச் செம்பை அவள் பக்கம் நகர்த்தி வைத்தார்.

நாற்பதாம் நாள் கடைசிப் பாத்தியை அறுத்ததும் காற்று தீர்ந்துபோனது. முதல் துளி அவள் மூக்கில் விழுந்தது. ஸவாஹிரா குடையோடு ஓடி வந்தாள்; இராக்கம்மாவின் முகத்தைப் பார்த்ததும் குடையை மடக்கிவிட்டுத் தானும் நனைந்தாள். கிணற்றுக் கட்டில் உட்கார்ந்து இராக்கம்மா பள்ளிவாசலில் பிற்பகல் அஸர் பாங்கு சொல்லும் வரை அழுதாள். அவள் தலையை மடியில் வாங்கிக்கொண்ட ஸவாஹிரா, அவளைத் தொட்டது அன்றுதான் முதல் தடவை.

இராக்கம்மா தேயிலைத் தோட்டத்துக்குத் திரும்பினாள், மறுபடி பேர் பதிந்தார்கள். இரண்டு வருஷம் எல்லோரையும் போல நனைந்தாள், தடிமன்கூடப் பிடித்துத் தும்மினாள். 1906 கார்த்திகையில் அவள் லயத்தில் மட்டும் ஒரே மாதத்தில் பதினொரு பேர் காய்ச்சலில் போனார்கள். பதுளையிலிருந்து வந்த கஷாயம் வெந்நீர் போலிருந்தது. ஜுனைதீன் அவளைக் கூப்பிட வரவில்லை, ஆளும் அனுப்பவில்லை. பதினொன்றாவது ஆளைப் புதைத்த மறுநாள் காலையில் இராக்கம்மா கம்பளியைப் போர்த்திக்கொண்டு மலையிடுக்குக்கு ஏறினாள். மத்தியானம் இறங்கி வந்தபோது கம்பளி காய்ந்திருந்தது.

"மறுபடியும் புடிச்சிருச்சா ஆத்தா?" என்று பதறினார் ரெங்கசாமி.

"புடிக்கல. நாந்தான் போயிக் கூட்டியாந்தேன். தை பொறந்தா போயிரணும்னு சொல்லித்தான் கூட்டியாந்திருக்கேன்."

அதுவரை ஜுனைதீனின் பாத்திகளில் உட்கார்ந்தாள்; தை முதல் தேதி காற்று போனது. அடுத்த கார்த்திகையிலும் அவள் ஏறிப்போய் அழைத்து வந்தாள், அதற்கடுத்த கார்த்திகையிலும். பதுளையில் யாருக்காவது உடம்பு சுட்டால், "இராக்கம்மா வந்தாச்சா?" என்றுதான் கேட்டார்கள். மழை விடாத நாட்களில் கடைவீதிப் பெண்கள் பிள்ளைகளின் ஈரத் துணிகளைக் கொண்டுவந்து பாத்தியில் அவளருகே கொடி கட்டிப் போட்டுவிட்டுப் போனார்கள். அவளும் நடுவில் ஒரு தடவை எழுந்து, எல்லாவற்றையும் புரட்டிப் போட்டாள்.