விரல் மட்டும் வந்தால் போதும்

கல்யாணமே இல்லாத மாதங்களில் கல்யாண போட்டோகிராபர் என்பவன் வீட்டில் ஒரு பழைய பீரோவுக்குச் சமம். பெருக்கும்போது நகரச் சொல்வார்கள். நகர்ந்தால் அங்கே வேண்டாம் என்பார்கள். அந்த மாதங்களில் நான் லென்ஸ்களைத் துடைப்பேன். அது முடிந்ததும் மூக்குக் கண்ணாடியைத் துடைப்பேன். அதற்குப் பிறகு மனைவி ஜன்னலைக் காட்டுவாள்.

இந்த முறை ஜன்னல்வரை போக முடியாமல் செய்தவள் என் மச்சினி. மனைவியின் ஒரே தங்கை. அவளுக்குக் கல்யாணம் நிச்சயமாகியிருந்தது, சீசன் தொடங்கியதுமே கல்யாணம். வீட்டிலேயே போட்டோகிராபர் இருக்கும்போது வேறு யாரைக் கூப்பிடப்போகிறார்கள் என்று நான் நாற்காலியில் நன்றாகச் சாய்ந்து உட்கார்ந்திருந்தேன். அவள் உள்ளே கட்டிலில் என் ஆல்பங்களை எல்லாம் பரப்பிப் புரட்டிக்கொண்டிருந்தாள். பிறகு ஹாலுக்கு வந்தாள்.

"மாமா, தப்பா எடுத்துக்கக் கூடாது."

இப்படித் தொடங்கிய பேச்சைச் சரியாக எடுத்துக்கொண்ட மனிதன் இன்னும் பிறக்கவில்லை.

"சொல்லும்மா."

"எல்லா ஆல்பத்துலயும் ஒரே சிரிப்புதான் மாமா இருக்கு. ஆளுங்கதான் மாறுறாங்க. நீங்க ஒரு சிரிப்ப வாங்கி வச்சுக்கிட்டு எல்லாருக்கும் வாடகைக்கு விடுற மாதிரி இருக்கு."

"நல்ல சிரிப்புதானே?"

"சிரிப்பு நல்லாத்தான் இருக்கு. மூஞ்சி ஒண்ணுகூட அவங்க மூஞ்சியா இல்ல. என் கல்யாணத்துக்கு நான் வேற ஆளப் பாத்துக்கறேன்."

சமையலறையில் ஒரு கரண்டி விழுந்தது. மனைவி வந்து நின்றாள்.

"அடிப்பாவி! அக்கா புருஷன் கேமராவோட குத்துக்கல்லாட்டம் உக்காந்திருக்காரு, வெளியாள் வந்து எடுப்பானா? நாலு பேரு என்ன பேசுவாங்க?"

"அந்த நாலு பேரும் ஆல்பத்துல இருக்காங்கக்கா. வந்து பாரு. நாலு பேருக்கும் ஒரே பல்லு."

மறுத்துப் பேச எனக்கு வாய் வரவில்லை. பிரச்சினையே அந்த வாய்தான். தொழிலில் என் பெயரே 'சிரிங்க'. மண்டபத்தில் ஜெனரேட்டர் போடுகிறவர்கூட "சிரிங்க வந்துட்டாரா?" என்றுதான் கேட்பார். கேமரா கண்ணுக்குப் போனதும் வாய் தானாகத் திறந்துகொள்ளும். "கொஞ்சம் சிரிங்க... தாடைய இறக்குங்க... அவ்வளவுதான்." என் சொந்தக் கல்யாண ஆல்பத்தில் பாதிப் படங்களில் நான் மணப்பெண்ணைப் பார்க்கவில்லை. லைட்டை இடப்பக்கம் நகர்த்தச் சொல்லி, படமெடுக்க வந்தவருக்குக் கைநீட்டி வழிகாட்டிக்கொண்டிருக்கிறேன். நாற்சந்தியில் வைக்கப்போகும் சிலைக்கு மாதிரி நின்றவன் போல இருப்பேன்.

அன்று சாயங்காலம் ஒருவழியாகச் சமரசம் ஆனது. மச்சினி விரலை நீட்டிச் சொன்னாள்.

"சீசன் ஆரம்பிக்கறதுக்குள்ள ஒரே ஒரு படம் கொண்டாங்க மாமா. அதுல இருக்கறவங்க அவங்களாவே இருக்கணும். இருந்தா நீங்கதான் எடுக்கறீங்க. இல்லேன்னா வெளியாள். சண்டை கிடையாது, நீங்க வந்து முன் வரிசைல உக்காந்து சாப்பிட்டுட்டுப் போங்க."

அறைக்குள் வந்ததும் மனைவி கேட்டாள். "ஏங்க, உங்களால முடியுமா?"

"ஏன் முடியாது? முடியும்."

"பொய் சொல்லும்போது மட்டுந்தான் உங்க மூஞ்சி உங்க மூஞ்சியா இருக்கு."

முதலில், பறவைகளைப் படமெடுக்கச் சொல்லிக்கொடுக்கும் ஒரு முகாமில் சேர்ந்தேன். யோசித்துத்தான் சேர்ந்தேன். பறவைகளுக்குப் பல் கிடையாது. தனியாக விட்டால் லாட்ஜ் திரைச்சீலையைத்தான் எடுத்துக்கொண்டு வருவேன் என்று மனைவியும் கூடவே கிளம்பினாள்.

அந்த ஊரில் ஒரு பெரிய ஏரி. கரையில் சாக்குத் துணியால் ஒரு மறைப்பு. அதில் ஓட்டைகள், ஓட்டைக்கு ஒரு மாணவர். வகுப்பெடுத்தவர் ரகசியக் குரலிலேயே பேசிப் பழகிப்போனவர். டீக்கடையில் சர்க்கரை வேண்டாம் என்பதைக்கூடக் கடைக்காரர் காதருகே போய்த்தான் சொன்னார். அவருடைய பாடம் ஒரே வரிதான். நாம் இருப்பதைப் பறவை மறந்துபோக வேண்டும்.

நானும் மறக்கடித்தேன். கால் மரத்துப்போனது, அதையும் மறக்கடித்தேன். கடைசியில் கழுத்து நீண்ட ஒரு சாம்பல் நிறப் பறவை எங்களுக்கு நேரெதிரே வந்து இறங்கியது. வெளிச்சம் பிரமாதம். தண்ணீரில் நிழல் பிரமாதம். தலை மட்டும் ஒரு சுண்டுவிரல் அளவு தவறான பக்கம் திரும்பியிருந்தது.

"தலையக் கொஞ்சம் இப்படி," என்றது என் வாய்.

அந்தப் பறவை போனது. அது போவதைப் பார்த்து ஏரியில் இருந்த எல்லாப் பறவைகளும் போயின. வகுப்பெடுத்தவரின் உண்மையான குரல் எப்படி இருக்கும் என்று அன்று எல்லோருக்கும் தெரிந்தது. அவர் சொன்ன வார்த்தைகளை இங்கே எழுத முடியாது.

பெட்டியைக் கட்டும்போது மனைவி சொன்னாள். "பறந்து போச்சே, அப்ப எல்லாம் ரொம்ப இயற்கையா இருந்துச்சுங்க. எடுத்தீங்களா?"

"இல்ல. மன்னிப்புக் கேட்டுட்டு இருந்தேன்."

திரும்பி வரும் பஸ்ஸில் பழைய கூட்டாளி போன் செய்தான். நானும் அவனும் ஒன்றாகத் தொழில் கற்றவர்கள். அவன் புத்திசாலி. பாஸ்போர்ட் ஆபீசுக்கு எதிரே கடை போட்டுவிட்டான். இப்போது குளியலறையில் வழுக்கி விழுந்து காலில் மாவுக்கட்டு.

"கடைய கொஞ்ச நாள் பாத்துக்கடா. உனக்கு லீவு மாதிரி. பாஸ்போர்ட் படத்துல யாரும் சிரிக்கவே கூடாது."

கற்றுக்கொள்ள இதைவிட நல்ல இடம் ஏது என்று நானும் மனைவியும் வழியிலேயே பஸ் மாறினோம்.

கடை என்பது ஒரு நீளமான அறை. ஒரு கோடியில் வெள்ளைத் திரை, அதன் முன்னால் சுழலும் ஸ்டூல், இரண்டு பக்கமும் குடை விளக்கு. கண்ணாடிக்குப் பக்கத்தில் ஒரு சீப்பு, யாரும் எடுத்துப் போகாமல் இருக்க நூலில் கட்டித் தொங்கும். ஆணியில் ஒரு கறுப்புக் கோட்டு, வேண்டியவர்கள் போட்டுக்கொள்ளலாம். ஊரில் பாதி ஆண்கள் அதே கோட்டில்தான் வெளிநாடு போயிருக்கிறார்கள். இன்னொரு கோடியில் கம்ப்யூட்டரும் படம் வெட்டும் கத்தியும். அங்கே மனைவி உட்கார்ந்துகொண்டாள். மாடியில் கூட்டாளி காலைத் தலையணையில் தூக்கி வைத்துப் படுத்திருந்தான். ஏதாவது வேண்டுமென்றால் தடியால் தரையைத் தட்டுவான்.

முதல் நாள் எல்லாம் சுமுகமாகப் போனது. மறுநாள் காலை கடை திறப்பதற்கு முன்பே ஒரு லாரி டிரைவர் வாசலில் நின்றுகொண்டிருந்தார்.

"யாருங்க இங்க போட்டோ எடுக்கறது?"

"நான்தாங்க. என்ன விஷயம்?"

"திருப்பி அனுப்பிட்டாங்க. பல்லு தெரியுதாம். ஊர விட்டுப் போறதுல உனக்கு இவ்வளவு சந்தோஷமான்னு கவுண்டர்ல அந்தம்மா கேக்குது."

"ஆனா ரொம்ப அழகா வந்திருக்கீங்க."

"அழகா இருந்து என்னங்க பண்றது? போக விடமாட்டேங்கறாங்களே!"

அவருக்குப் பின்னால் இன்னும் சிலர் வந்துகொண்டிருந்தார்கள். எல்லோர் கையிலும் ஒரு சிரிக்கும் படம். மேலே தடி தட்டியது.

"டேய், சிரிங்க! என் கடைய மூட வச்சிட்டுப் போயிராதடா!"

மருந்து கண்டுபிடித்தவள் மனைவி. ஒரு பெரிய கடின மிட்டாயை வாங்கிவந்து என் வாயில் போட்டாள். அது இருக்கும்வரை வாயால் "ம்" என்பதற்கு மேல் எதுவும் முடியாது. நான் "ம்" என்பேன். வந்தவர் நிமிர்ந்து உட்காருவார். இரண்டு காதும் தெரிகிறதா என்று பார்ப்பேன், ஒரு க்ளிக். மிட்டாயைக் கன்னத்துக்கு ஒதுக்கிவிட்டு "முடிஞ்சுது" என்பேன்.

இங்கே என் விரலைப் பற்றிச் சொல்ல வேண்டும். கல்யாண மேடையில் நிற்கிற கூட்டத்தில் யாராவது ஒருவர் கண்ணை மூடிவிடுவார். ஒரு மாமா கட்டாயம் மூடுவார். அதனால் எல்லாப் படத்தையும் இரண்டு முறை எடுப்பது பழக்கம். வாயைப் போலவே விரலும் யாரையும் கேட்பதில்லை. கடையிலும் "முடிஞ்சுது" என்று சொன்ன பிறகு அது பாட்டுக்கு இன்னொன்றை அமுக்கும். அந்த இரண்டாவதில் பாதிப் பேர் எழுந்துகொண்டிருப்பார்கள், மீதிப் பேர் செருப்பைத் தேடுவார்கள். ஆபீசுக்கு ஆகாது. தினமும் கடை மூடும் முன் எல்லாவற்றையும் அழித்துவிடுவேன்.

ஒரு நாள் மத்தியானம் ஒரு தையல்காரம்மா வந்தார். தூரதேசத்தில் ஒரு வீட்டில் முதியவர் ஒருவரைப் பார்த்துக்கொள்ளும் வேலை கிடைத்திருக்கிறதாம். கணவரும் கூட வந்திருந்தார். அவர் கைப்பையை வாங்கிக்கொண்டு ஒரு ஓரமாகப் போய் நின்றார்.

அந்தம்மா ஸ்டூலில் கல்லாகச் சமைந்து உட்கார்ந்தார். "ம்" என்றேன். க்ளிக். "முடிஞ்சுது."

அந்தம்மா தோளைத் தளர்த்தி, கணவர் நின்ற பக்கம் திரும்பினார். அந்த மனிதர் பொழுது போகாமல் ஆணியில் இருந்த கோட்டை எடுத்து மாட்டியிருந்தார். கை நுனி விரல்களைத் தாண்டித் தொங்கியது. அதன் மேல், தோளில் அந்தம்மாவின் கைப்பை. கண்ணாடியைப் பார்த்து நூலில் கட்டிய சீப்பால் தலை வேறு வாரிக்கொண்டிருந்தார்.

என் விரல் இரண்டாவதை அமுக்கியது.

"ஐயே! கழட்டுங்க அத. யாரோட கோட்டோ!" என்றார் அந்தம்மா.

"சும்மா பாத்தேன். நல்லா இல்லையா?"

"நல்லா இருக்கு. நான் போனப்புறம் இப்படியே தெருவுல போங்க."

ஆபீசுக்கான படத்தை வெட்டுவதற்குப் போன என் மனைவி கம்ப்யூட்டரைப் பார்த்தபடி அப்படியே இருந்தாள். "ஏங்க, கொஞ்சம் வாங்க."

திரையில் இரண்டாவது படம். ஒரு காதுதான் தெரிந்தது. வாய் சிரிக்கத் தொடங்கிவிட்டது. கண்ணுக்கு அந்தச் செய்தி இன்னும் போய்ச் சேரவில்லை. அது எதிரே நிற்பவரை எப்படி விட்டுவிட்டுப் போவது என்று பார்த்துக்கொண்டிருந்தது. நான் மிட்டாயைக் கடித்து விழுங்கிவிட்டேன்.

கணவரும் எட்டிப் பார்த்தார். கோட்டை இன்னும் கழற்றவில்லை.

"இதையும் போட்டுக் குடுப்பீங்களா? அது ஆபீசுக்கு. இது எனக்கு."

பெரிதாகவே போட்டுக்கொடுத்தேன். எனக்கும் ஒன்று வைத்துக்கொள்ளலாமா என்று கேட்டேன், மச்சினி கதையையும் சொன்னேன். "காதுகூடச் சரியா தெரியல, அதுக்கா இவ்வளவு மரியாதை?" என்றார் அந்தம்மா. ஆனால் சரி என்றுதான் சொன்னார்.

கூட்டாளியின் கட்டுப் பிரித்ததும் ஊர் திரும்பினோம். மச்சினி படத்தைக் கையில் வாங்கினாள். வீடு முழுக்கக் கல்யாணத் துணிமணி. உட்கார இடமில்லாமல் நின்றபடியே பார்த்தாள், ரொம்ப நேரம் பார்த்தாள். இவளும் கல்யாணமானதும் கணவனோடு கடல் தாண்டித்தான் போகப்போகிறாள்.

"இவங்க யாரப் பாக்கறாங்க மாமா?"

"வீட்டுக்காரர."

"எப்படி எடுத்தீங்க?"

நான் தொண்டையைச் செருமிக்கொண்டேன். ஒளி, பொறுமை, தருணம் என்று ஒரு நல்ல பதில் தயாராக இருந்தது.

"அவரு எங்கடி எடுத்தாரு?" என்றாள் மனைவி. "அவரு முடிஞ்சுதுன்னு சொல்லிட்டாரு. விரல்தான் எடுத்துச்சு."

மச்சினி என் வலது கையைப் பார்த்தாள்.

"அப்ப அந்த விரல மட்டும் கல்யாணத்துக்கு அனுப்புங்க மாமா. வாய் வீட்லயே இருக்கட்டும். மண்டபத்துல உங்க வாயிலேருந்து ஒரு வார்த்தை வந்துச்சு, மேடைய விட்டு இறங்கி வந்து கேமராவப் புடுங்கிருவேன். கடைசி வரைக்கும் வாயே திறக்கக் கூடாது. சம்மதமா?"

சம்மதம் என்றேன். அந்த வேலையை எப்படியும் விடுவதாக இல்லை. கூடவே ஒரு சத்தியமும் செய்தேன்.

கல்யாணத்தன்று காலையிலிருந்து நான் ஊமை. நானும் மச்சினியும் மறந்துபோன விஷயம் ஒன்று உண்டு. ஒரு வீட்டு மாப்பிள்ளை கல்யாண மண்டபத்தில் வாய் திறக்காமல் இருந்தால் அதற்கு ஒரே ஒரு அர்த்தம்தான்.

முதலில் மாமியார் வந்தார். "மாப்பிள்ளை, சாப்பிட்டீங்களா?"

தலையாட்டினேன்.

"ஏதாவது மனசுல இருந்தா சொல்லிருங்க மாப்பிள்ளை. உள்ளுக்குள்ள வச்சுக்காதீங்க."

மேடையிலிருந்து மச்சினி பார்த்துக்கொண்டிருந்தாள். நான் கேமராவைத் தூக்கி மாமியாரின் கவலையைப் படமெடுத்தேன். அது அவருக்குப் போதுமானதாக இல்லை.

பிறகு ஒரு சித்தப்பா. "நான் அன்னிக்கே சொன்னேன், மூத்த மாப்பிள்ளைய ஒரு வார்த்தை கேட்டுட்டுச் செய்யுங்கன்னு. யாரு கேட்டா?" என்று என்னிடம் சொல்லிவிட்டு, அதையே இன்னும் சத்தமாக மற்றவர்களிடம் சொல்லப் போனார். குடும்பப் படத்துக்கு வரிசையில் நின்றவர்கள் "சிரிங்க" என்ற சொல் வரும் வரும் என்று காத்துப் பார்த்தார்கள். வராமல் போகவே ஒருவரை ஒருவர் திரும்பிப் பார்த்தார்கள், என்னைப் பார்த்தார்கள், குசுகுசுத்தார்கள். ஒருவர்கூடச் சிரிக்கவில்லை. அத்தனை பேரும் அவரவராகவே இருந்தார்கள். நான் எடுத்துத் தள்ளினேன்.

மனைவி நடந்ததை எல்லோருக்கும் விளக்கியிருக்கலாம். அவள் மேடைக்குப் பின்னால் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு நின்றாள்.

கடைசியில் மாமனாரே வந்தார். கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் வானிலை தவிர வேறெதையும் என்னோடு பேசாதவர். என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"அன்னிக்கு நான் அப்படிச் சொல்லியிருக்கக் கூடாது மாப்பிள்ளை. மறந்துருங்க."

என்றைக்கு, எப்படிச் சொன்னார் என்று எனக்குத் தெரியாது. கேட்கவும் முடியாது. பெருந்தன்மையாகத் தலையசைத்தேன். அவர் கண்ணைத் துடைத்துக்கொண்டார். அப்பா என்னிடம் மன்னிப்புக் கேட்பதை மேடையிலிருந்து பார்த்த மச்சினிக்குச் சிரிப்புப் பீறிட்டது. பூச்செண்டில் முகத்தை மறைத்தும் அடங்கவில்லை. எதற்கென்று தெரியாத புது மாப்பிள்ளை, அவள் சிரிப்பதையே வாய் பிளந்து பார்த்துக்கொண்டிருந்தான். இவளா, இவ்வளவு சத்தமா, என்று கேட்கிற முகம். அதை எடுத்தேன். இரண்டு முறை.

சாயங்காலம் கார் வாசலுக்கு வந்தது. மச்சினி அப்பாவிடம் சொல்லிக்கொண்டாள், அம்மாவிடம் சொல்லிக்கொண்டாள், அக்காவைக் கட்டிக்கொண்டு விடாமல் நின்றாள். கடைசியாக என்னிடம் வந்தாள். கேமராவை என் முகத்திலிருந்து மெதுவாக இறக்கினாள்.

"போதும் மாமா. இப்ப பேசலாம்."

இவள் பள்ளிக்கூடப் பையோடு எங்கள் வீட்டுக்கு வந்துபோன காலத்திலிருந்து தெரியும். அன்று முழுக்கச் சேர்த்துவைத்த வார்த்தைகள் வேறு இருந்தன. வாயைத் திறந்தேன். ஒன்றும் வரவில்லை. இன்னொரு தடவை திறந்தேன். தலையை மட்டும் ஆட்டினேன்.

எனக்குப் பின்னால் மாமியார் மாமனாரிடம் சொல்வது கேட்டது.

"பாத்தீங்களா, இன்னும் கோபம் தீரல."